ஸ்டெப்னிக்கு ஒரு எலுமிச்சை

எங்கள் காரின் நான்கு டயர்கள் இப்போது ஓட்டலில் தங்கியிருக்கின்றன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுவீடனில், கோத்தன்பர்க் நகரத்தின் வடக்கு ஓரத்தில், எங்கள் அடுக்ககத்திலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி ‘டெக்ஹொட்டெல்’ என்று பலகை மாட்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. டெக் என்றால் டயர். ஹொட்டெல் என்றால் ஓட்டலேதான். இந்த ஊரில் காருக்கு எட்டு டயர். கோடைக்கு நாலு, பனிக்காலத்துக்கு நாலு. ஓடுகிற நாலு போக மிச்ச நாலை வைக்க வீட்டில் இடமில்லாதவர்கள் அந்த ஓட்டலில் விட்டுவிடலாம். அவற்றைக் கழுவித் துடைத்து, தேய்மானம் அளந்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, வெயில் படாத அறையில் அடுக்கி வைப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் இதைக் கழற்றி அதை மாட்டி அனுப்புவார்கள். தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவருக்கும் இந்த அளவு உபசாரம் நடந்ததில்லை. முதல் முறை என் கணவர் முரளி இதைச் சொன்னபோது, காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டென்றால் நாமே போய்த் தங்கலாம் என்றார் அவர்.

தாம்பரம் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயது வரை நான் ஒரு டயரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. என் சைக்கிளுக்குக் காற்றடித்ததுகூட அப்பாதான். கார் ஓட்டக் கற்றதே இங்கே வந்தபிறகு, முப்பத்து மூன்று வயதில். இங்கே உரிமம் எடுக்க எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு. அதில் டயருக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. பிளஸ் டூ வேதியியலை எப்படி மனப்பாடம் செய்தேனோ அப்படியே அதையும் செய்தேன். பனிக்கால டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிகளின் ஆழம், மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். அது அந்த டயரின் பிறந்தநாள். ரப்பருக்கு வயதானால், ஓடாவிட்டாலும் அது இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். இதெல்லாம் தெரிந்த பிறகு நான் மனிதர்களோடு பழக லாயக்கில்லாதவள் ஆகிவிட்டேன். யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், வாசலில் நிற்கும் அவர்கள் காரின் டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காலிங்பெல்லை அழுத்துவேன். தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு வந்த ஒருவரிடம் அவர் டயரின் வயதைச் சொன்னேன். அடுத்த பொங்கலுக்கு அவர் பஸ்ஸில் வந்தார். அந்த அளவுக்கு என் தொண்டு.

ஆகவே, போன அக்டோபரில் மூன்று வார விடுப்பில் பீர்க்கன்கரணைக்குப் போனபோது, அப்பாவின் கார் என் கண்ணில் படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அது வெள்ளை நிறச் சின்னக் கார். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் இருந்தவர். காலாவதித் தேதி பார்க்காமல் ஒரு டின் பசையைக்கூட உள்ளே விடாதவர் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கவனத்தையெல்லாம் காருக்குக் கொடுத்துவிட்டார். உறை போட்டுத்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையைக் கழற்றி, வண்டலூர் வரை ஒரு ஓட்டம் ஓட்டி, திரும்ப வந்து உறையைப் போட்டுவிடுவார். அது வண்டிக்கு நடைப்பயிற்சி. வண்டலூர் ஜூவில் இறங்கிப் புலியைப் பார்ப்பாரா என்றால் அதுவும் கிடையாது.

ஆனால் இந்த முறை அந்தக் கார் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. ஜூலையில் அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் குரோம்பேட்டையில் பிசியோதெரபி. பஸ் ஏற முடியாது. ஆட்டோவில் காலை மடக்கி ஏறுவதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். கார் ஒன்றுதான் வழி. முன் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார வைத்து, அப்பா ஓட்டிக்கொண்டு போவார். இன்னும் சில வாரத்தில் பருவமழை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். மழையில் குரோம்பேட்டைக்குப் போகும் ஜிஎஸ்டி ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரோட்டில் எழுபத்திரண்டு வயது அப்பா, நீட்டிய காலோடு அம்மா. நான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இறங்கிய மறுநாள் காலை, பல் தேய்த்த கையோடு, உறையைத் தூக்கிவிட்டு டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

எண்ணைப் பார்த்தேன். ஒன்பது வருடம். நான் அதை வாசித்திருக்கவே வேண்டாம், கொஞ்சம் யோசித்திருந்தால். என் மகள் நிலாவைப் பெற நான் வந்திருந்தபோது அப்பா மாட்டிய டயர்கள் அவை. குழந்தையை மொட்டை டயர் வண்டியிலா ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவது என்று, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் புதிதாக வாங்கிப் போட்டார். நாலு சக்கரத்துக்கடியிலும் நாலு எலுமிச்சை வைத்து நசுக்கினார். எல்லாரும் அதோடு நிறுத்துவார்கள். அப்பா ஐந்தாவது எலுமிச்சை ஒன்றை டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் மேல் வைப்பார். சந்தனம், குங்குமமும் உண்டு. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அதே கதை. ஸ்டெப்னி என்ன பாவம் பண்ணிச்சு, அதுவும் நம்ம வீட்டு டயர்தானே என்பார். எங்கள் தெருவில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“அப்பா, இந்த டயரெல்லாம் மாத்தணும்.”

“எதுக்கு?”

“ஒன்பது வருஷம் ஆச்சு. நிலா வயசு.”

“நிலா நல்லாத்தானே இருக்கா.”

“ரப்பர் உள்ளுக்குள்ள காஞ்சு போயிடும்ப்பா. மழையில பிரேக் பிடிச்சா வழுக்கும்.”

“பட்டனைப் பாரு. விரலை உள்ள விட்டுப் பாரு. பாதி கூடத் தேயல. நல்லா இருக்கற டயரைத் தூக்கிப் போடச் சொல்றியா?”

“சுவீடன்ல எல்லாரும்...”

“அங்க ஐஸ்ல ஓட்றீங்க. இங்க எங்க ஐஸ் கொட்டுது?”

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. விற்கிறவனிடம் போய் எனக்கு இது தேவையா என்று கேட்கக் கூடாது. அந்தச் சட்டம் தெரிந்தும், நிபுணர் சொன்னால் அப்பா கேட்பார் என்று நம்பி அவரைத் தாம்பரத்தில் ஒரு டயர் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, “அஞ்சையும் மாத்திருங்க சார்” என்றார். சரியான பதில்தான். ஆனால் அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருட ஸ்டோர்ஸ் அனுபவம் இருந்தது. வெளியே வந்ததும், “டயரைப் பாக்காமலே வியாதி சொல்றான் பாரு” என்றார். நானும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தான்.

சரி, டயரை மாற்ற முடியாவிட்டால் காற்றையாவது சரிபார்ப்போம் என்று, சுவீடனிலிருந்து கையோடு கொண்டு போயிருந்த டிஜிட்டல் காற்றுமானியை எடுத்தேன். ஊருக்குப் போகிறவர்கள் சாக்லேட் கொண்டு போவார்கள். நான் காற்றுமானி கொண்டு போகிற ஜாதி. நாலு டயருக்கும் ஒவ்வொன்றாக வைத்து, எண்ணைச் சத்தமாக வாசித்து, பங்க்கில் போய்க் குறைந்ததை நிரப்பி, அப்பாவுக்கு ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். “இதுக்கு பேட்டரி வேற போடணுமா” என்பது ஒன்றுதான் அவர் கேட்ட சந்தேகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பிசியோதெரபிக்குக் கிளம்பியபோது தூறிக்கொண்டிருந்தது. அம்மா முன் இருக்கையில் கால் நீட்டி, நான் பின்னால், அப்பா ஓட்டினார். இவ்வளவு பேசுகிற நீ ஏன் ஓட்டவில்லை என்று கேட்பீர்கள். சுவீடன் ரோட்டில் உரிமம் வாங்கியவளுக்கு ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்ட வராது என்பதுதான் பதில். இரும்புலியூர் தாண்டுவதற்குள் ஒரு பஸ் எங்களை ஓரம் கட்டியது. அப்பா ஒதுங்கினார். தண்ணீர் நிரம்பி மட்டமாகத் தெரிந்த பள்ளத்தில் இடது பின்சக்கரம் இறங்கி ஏறியது. டொப்பென்று ஒரு சத்தம். அம்மாவின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் கத்தவில்லை, காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஒட்டுப் போட்டு ஓட்டுகிற விஷயம் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது நடந்துவிட்டது. அதோடு சக்கரம் மாற்றவும் எனக்குத் தெரியும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜாக்கியைத் தூக்கினேன். அப்பா எனக்குக் குடை பிடித்தார். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று நட்டுகளைத் தளர்த்தினேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். கிழிந்த சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தபோது, தெற்குச் சென்னை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறக்கினேன். போன ஆயுதபூஜையின் சந்தனம் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அது தரையில் பட்டதும் குதிக்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. காற்றே இல்லை.

நாலு டயருக்கும் மானி வைத்தவள் ஐந்தாவதைத் தொடவே இல்லை. ஏனென்றால், சுவீடனில் எங்கள் காரில் ஸ்டெப்னி என்று ஒன்று கிடையாது. அது இருக்க வேண்டிய குழியில் பஞ்சரை அடைக்கும் ஒரு நுரை பாட்டிலும் குட்டி பம்ப்பும்தான் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத ஒன்றைப் பற்றித் தேர்வில் கேள்வியும் வராது. நான் படித்தது பூராவும் தேர்வுக்கு வந்த பாடம்.

கண்ணாடியை இறக்கி அம்மா கேட்டாள். “என்னடி, நின்னுட்டே?”

“ஸ்டெப்னில காத்து இல்லம்மா.”

“உன்னை மாதிரிதான். இருக்குன்னு ஒரு தைரியம். அவசரத்துக்கு எடுத்தா காத்து இருக்காது.”

அப்பா, “ஏய், சும்மா இரு” என்றார். அம்மா வாய் தவறிச் சொல்லவில்லை. அவளுக்கு வாய் தவறுவதே கிடையாது. ஜூலையில் அறுவை சிகிச்சையின்போது நான் வரவில்லை. நிலாவுக்கு நீச்சல் முகாம், எனக்கு ஆபீசில் புது வேலை, டிக்கெட் விலை என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றும் உண்மை. தினமும் வீடியோவில் பார்த்தேன், வாக்கரைப் பிடித்து அவள் முதல் அடி வைத்ததைக்கூடப் பார்த்தேன். அதைத்தான் அவள் காற்றில்லை என்கிறாள். இடது முழங்காலையும் ஜனவரியில் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்த அன்றைக்கே அம்மா கேட்டாள், பார்க்கலாம்மா என்று சொல்லி வைத்திருந்தேன். தூறலில் நின்றுகொண்டு நான் சிரித்தேன்.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரின் ஆட்டோவிலேயே அம்மாவை ஏற்றினோம். அப்பா அவளுடைய காலைத் தன் கைகளில் ஏந்தி மெல்ல உள்ளே வைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மற்றவர் போய், பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கஜா என்பவரைக் கூட்டி வந்தார். கஜாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்டெப்னியை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

“இன்னாக்கா, சுத்தமா காத்தே இல்லியே.”

“நாலு டயரும் செக் பண்ணேண்ணா. இதை மறந்துட்டேன்.”

“அத்த தானக்கா மொதல்ல பாக்கணும்.”

பிறகு கிழிந்த டயரை மடியில் போட்டு, பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்தி விரித்தார். ஆட்டோவில் ஏறப்போன அப்பா நின்று பார்த்தார்.

“சார், பட்டன் புச்சாத்தான் கீது. ஆனா சைடுல பாரு, பாளம் பாளமா வெடிச்சிக்கினு கீது. ஓடித் தேஞ்ச டயரு இல்ல சார் இது. நின்னே பூடுச்சு.”

“வெயில் படாம கவர் போட்டுத்தான் வெச்சிருந்தேன்.”

“கவர் போட்டா வயசாவாதா சார்? மீதி மூணும் இப்டித்தான் இருக்கும். அம்மாவ ஏத்திக்கினு இதுல போவாத.”

அப்பா தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். சுவீடன் அரசாங்கத்தின் பாடப்புத்தகத்தையும், தாம்பரத்து டயர் கடையையும், பெற்ற மகளையும் நம்பாதவர் கஜாவை ஒரே நிமிடத்தில் நம்பிவிட்டார். அன்று மத்தியானம் அவர் திரும்பி வந்து வண்டியை வீட்டுக்கு எடுத்தபோது காரணத்தைக் கேட்டேன். “அவன் டயர் விக்கிறவன் இல்லையே. பஞ்சர் போடறவன். நான் டயர் மாத்தினா அவனுக்குத்தானே நஷ்டம்” என்றார்.

கஜா ஸ்டெப்னியைத் தன் ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப் போய், வால்வை மாற்றி, காற்றடித்துக் கொண்டுவந்து மாட்டித் தந்தார். அது வரை நான் மூன்று சக்கரக் காருக்குக் காவலாக, கையில் டிஜிட்டல் மானியோடு, ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் நின்றேன். குரோம்பேட்டை பஸ்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின.

மறுநாள் காலை அப்பா மூக்குக்கண்ணாடியும் டார்ச்சுமாகக் காரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்களைத் தானே வாசித்தார். “முப்பது வருஷம் டேட் பாத்தவன். இங்க பாக்காம விட்டுட்டேன்” என்றார். குரல் அடங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் அந்த நேரத்தில் தோற்றிருக்கலாம் என்று இருந்தது. டயரின் கறுப்பைத் தடவிக்கொண்டே, “இதுலதான் நிலாவைக் கூட்டிட்டு வந்தோம். ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாம் இறங்கித் தள்ளலாமான்னு பாத்தேன், அவ்வளவு மெதுவா வந்தேன்” என்றார். பிறகு எழுந்து, “ஸ்டெப்னி நேத்துதான் தரையைத் தொட்டுச்சு. அதை விட்ருவோமா?” என்று கேட்டார். நான் டார்ச்சை வாங்கி அதன் எண்ணில் அடித்தேன். “சரி, அஞ்சும்” என்று அவரே முடித்துக்கொண்டார்.

அதே தாம்பரத்துக் கடைக்குத்தான் போனோம். அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரர் உருட்டிவிட்ட டயர்கள் ஒவ்வொன்றையும் அப்பா நிறுத்தி, டார்ச் அடித்து, எண் வாசித்தார். இரண்டைத் திருப்பி அனுப்பினார். “இது போன வருஷத்து சரக்கு. போன மாசம் வந்தது எடுங்க.” கடைக்காரர் இந்த முறை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மதம் மாறியவர்களின் தீவிரம் எனக்குத் தெரியும் என்பதால் நான் குறுக்கே பேசவில்லை. வீட்டுக்கு வந்து நாலு எலுமிச்சை, டிக்கியில் ஐந்தாவது. அதை ஸ்டெப்னியின் மேல் வைத்துவிட்டு, நிமிராமலே அப்பா கேட்டார்.

“உன் வண்டி டயர் எந்த வருஷம்?”

“புதுசுதான்ப்பா.”

யோசிக்காமல் வந்த பதில் அது. எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது. ஊரார் டயரையெல்லாம் குனிந்து பார்த்தவள் என் டயரைப் பார்த்ததில்லை. கோடை டயரை நானே வாங்கினேன், அதற்குப் பிறந்தநாள் தெரியும். பனிக்கால டயர்கள் நாலு வருடத்துக்கு முன் இந்தக் காரைப் பழையதாக வாங்கியபோது அதோடு வந்தவை. வயதான ஓர் அம்மாள் அதிகம் ஓட்டாமல் வைத்திருந்த வண்டி. பட்டன் ஆழமாக இருந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறேன்.

விமானத்தில் அது உறுத்திக்கொண்டே வந்தது. நவம்பர் முதல் வாரம், டயர் மாற்ற ஓட்டலுக்குப் போனேன். அங்கே கவுன்டரில் இருப்பவர் யோரன். பேச்சுக்குப் பஞ்சமான மனிதர். நான்கு வருடத்தில் நாங்கள் பேசியதைக் கூட்டினால் ஒரு பக்கம் தேறாது. மாட்டுவதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினார். குந்தி உட்கார்ந்து எண்ணைப் பார்த்தேன். பதினோரு வருடம். நான் இந்த நாட்டுக்கு வந்த அதே வருடம். அந்த டயர்களும் நானும் ஒன்றாகத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறோம், ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளாமல்.

“நான் உங்களுக்கு எழுதியிருந்தேன்” என்றார் யோரன். “மூன்று முறை.”

போனை எடுத்துத் தேடினேன். தள்ளுபடி விளம்பரங்களோடு நான் ஒதுக்கிப் போட்ட மின்னஞ்சல்களுக்குள் மூன்றும் இருந்தன. டயர் விற்கிறவன் டயர் மாற்றச் சொல்கிறான் என்று நினைத்திருப்பேன். எங்கள் வீட்டுச் சட்டம் எட்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வேலை செய்திருக்கிறது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: உங்களுக்கு நேரம் வாய்க்கும்போது, ஒருவேளை, புதிய டயர்களைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம். ‘கன்ஷே’ என்பது அந்த ஒருவேளை. இவர்கள் எதற்கும் அதைப் போடுவார்கள். ஒருவேளை மழை வரலாம், ஒருவேளை இன்னொரு காபி குடிக்கலாம்.

“இதை நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே” என்று கேட்டேன்.

யோரனின் முகம் வாடிவிட்டது. “மிகத் தெளிவாகத்தானே சொன்னேன். நான் இவ்வளவு கடுமையாக யாருக்கும் எழுதுவதில்லை.”

கஜா இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார், இதுல போவாதக்கா என்று. இந்த நாட்டில் ‘ஒருவேளை’ என்பதுதான் அந்தப் போவாதக்கா. பதினோரு வருடத்தில் எனக்கு அது புரியவில்லை. கத்திச் சொன்னால் விற்கப் பார்க்கிறான், மெல்லச் சொன்னால் முக்கியமில்லை என்று இரண்டு ஊரிலும் காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். நாலு பனிக்காலம் அந்த டயர்களில் நிலாவைப் பள்ளிக்கும் நீச்சலுக்கும் கொண்டு போயிருக்கிறேன், உறைந்த ஏரியை ஒட்டிய ரோட்டில். அங்கேயே நாலு புது டயருக்குச் சொன்னேன். எண்ணைக் காட்டச் சொல்லி வாங்கினேன். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பத் தோன்றவில்லை.

அன்றே அப்பாவுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார், கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

“பட்டன் இருந்துச்சா?”

“நிறைய இருந்துச்சுப்பா.”

“அப்ப யாருக்கும்தான் தெரியாது, விடு.” பிறகு, “எலுமிச்சை வெச்சியா?” என்றார்.

சனிக்கிழமை காலை வைத்தேன். இந்தக் காரை வாங்கியபோது இந்த ஊர் எலுமிச்சையை வைத்துப் பட்ட பாடு நினைவிருந்தது. சித்ரோன் என்று விற்கிற அது மாங்காய் அளவு இருக்கும். டயர் அதன் மேல் ஏறாமல், அது பிதுங்கிப் பறந்துபோய் பக்கத்து வீட்டுக்காரர் கார் கதவில் மோதியது. அவர் அதைக் கழுவித் துடைத்து, எங்கள் வாசலில் ஒரு காகிதத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த முறை லைம் என்று பச்சையாக விற்பதில் ஐந்து வாங்கினேன். நம் எலுமிச்சைக்கு அதுதான் கிட்டத்தில் வரும். கார் நிறுத்துமிடத்தில் முதல் பனி மாவு சலித்த மாதிரி விழுந்திருந்தது. நிலா போனைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அப்பாவும், காலை ஸ்டூலில் நீட்டியபடி அம்மாவும். பீர்க்கன்கரணையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக முன்னால் எடுத்தேன். நாலும் நசுங்கின. வெள்ளைத் தரையில் நாலு பச்சைக் கறை.

“நாலு ஆச்சு. அஞ்சாவது?” என்றார் அப்பா.

“இங்க ஸ்டெப்னி கிடையாதுப்பா.”

“அது எப்படி, ஒரு வண்டிக்கு ஸ்டெப்னி இல்லாம?”

டிக்கியைத் திறந்து, அடித்தட்டைத் தூக்கிக் காட்டினேன். சக்கரம் படுக்கிற அளவுக்கு வட்டமான குழி, அதற்குள் நுரை பாட்டிலும் குட்டி பம்ப்பும். அப்பா அதை வெகு நேரம் பார்த்தார். ஐந்தாவது எலுமிச்சையை நான் அந்தக் குழிக்குள்ளேயே வைத்தேன். வைத்துவிட்டு, ஜனவரிக்கு டிக்கெட் போட்டுவிட்டதை அம்மாவிடம் சொன்னேன். ஆறு வாரம், நான் மட்டும். நிலாவை முரளி பார்த்துக்கொள்வார் என்றேன். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“கிளம்பறதுக்கு முன்னாடி காத்து இருக்கான்னு பாத்துட்டு வா” என்றாள்.

அந்த எலுமிச்சை இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. நேராகப் போகும்போது சத்தமில்லை. நிலாவின் பள்ளிக்குத் திரும்பும் வளைவில், ஏரியோரத்து ரோட்டில், பிரேக் பிடிக்கிற இடத்தில் எல்லாம் அந்தக் காலிக் குழிக்குள் அது உருண்டுபோய் விளிம்பில் முட்டுவது கேட்கிறது. அது என்ன சத்தம் என்று நிலா கேட்டாள். ஸ்டெப்னி என்றேன்.